சர்வதேச உறவுக் கோட்பாடுகளை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி

சர்வதேச உறவுகள் பாடத்தைப் புதிதாக எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வாரம் யதார்த்தவாதம், அடுத்த வாரம் தாராளவாதம், அப்புறம் இரண்டுக்கும் முன்னால் 'நவ' சேர்த்து இன்னும் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு அறிஞர் பெயர், ஐந்து அம்சம். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பரீட்சையில் கொட்டிவிட்டு வந்தாயிற்று. மறுநாள் ஏதோ ஒரு நாடு பக்கத்து நாட்டு எல்லையில் படையைக் குவிக்கிறது என்று செய்தி வந்தால், அதைப் பற்றி உருப்படியாக இரண்டு வரி சொல்ல வராது. நானும் அப்படித்தான் ஒரு வருடம் ஓட்டினேன்.

பிறகு பிடிபட்ட வழி இது: ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தேதி, ஆட்கள், யார் எப்போது என்ன முடிவெடுத்தார்கள் என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடாக இருக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு கோட்பாட்டையும் அந்த நிகழ்வின் முன்னால் உட்காரவைத்து, "இதில் உனக்கு என்ன தெரிகிறது, எது தெரியவில்லை?" என்று கேளுங்கள். கோட்பாடு என்பது அடிப்படையில் ஒரு கேள்விதான், அந்தக் கேள்வியை எங்கே போட்டால் பதில் வருகிறது என்று பார்ப்பதுதான் படிப்பு.

நான் எடுத்துக்கொண்டது 1962 அக்டோபர் கியூபா ஏவுகணை நெருக்கடி. பதின்மூன்று நாள் கதை, ஆட்கள் குறைவு, வெள்ளை மாளிகைக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளே வெளிவந்துவிட்டன, அதனால் யார் மனதில் என்ன ஓடியது என்று வெறுமனே ஊகிக்க வேண்டியதில்லை. சுருக்கம் இவ்வளவுதான்: அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யூ-2 உளவு விமானம் எடுத்த படங்களில் கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் தெரிந்தன, 16 காலையில் அமெரிக்க அதிபர் கென்னடிக்குச் சொன்னார்கள். 22-ம் தேதி அவர் தொலைக்காட்சியில் தோன்றி, கியூபாவுக்கு ஆயுதம் கொண்டுபோகும் கப்பல்களைக் கடலில் மறிக்கப்போவதாக அறிவித்தார். 28-ம் தேதி சோவியத் தலைவர் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக வானொலியில் சொன்னார். பதிலுக்கு, கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்கா வெளிப்படையாக உறுதி சொன்னது. துருக்கியில் வைத்திருந்த தன் ஜூபிடர் அணு ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக ரகசியமாக ஒத்துக்கொண்டது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம்

இந்தப் பாடத்தின் அடித்தளமான கருத்தைத் தமிழில் 'அராஜகம்' என்று பெயர்த்து வைத்திருக்கிறார்கள். படிக்கிறவர் மனதில் உடனே கல்வீச்சும் கடை அடைப்பும் வந்துவிடும். இங்கே அதற்கு அந்த அர்த்தமே இல்லை. நாடுகளுக்கு மேலே ஓர் அரசாங்கம் இல்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாராவது புகுந்தால் போலீஸைக் கூப்பிடலாம். ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாடு புகுந்தால் கூப்பிட ஆளில்லை. ஐ.நா. இருக்கிறதே என்பீர்கள். அதற்குச் சொந்தப் படை கிடையாது. பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பினர்களில் நிரந்தர உறுப்பினர்களான ஐந்து நாடுகளில் ஒன்று எதிர்த்துக் கையைத் தூக்கினாலே முக்கியமான எந்தத் தீர்மானமும் விழுந்துவிடும். எனவே 'அராஜகம்' என்று படிக்கும்போதெல்லாம் 'மேலே கேட்பாரில்லாத நிலை' என்று மனதுக்குள் மாற்றிப் படியுங்கள், பாதிக் குழப்பம் தீரும். உலகம் அமைதியாக இருக்கும்போதும் இந்த நிலை அப்படியேதான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இதன் மறுபக்கம்தான் இறையாண்மை, அதாவது ஒரு நாட்டுக்குள் கடைசிச் சொல் அந்த நாட்டுடையதே என்பது. 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் அது பிறந்தது என்று எல்லாப் பாடநூலிலும் இருக்கும். பரீட்சைக்கு அப்படியே எழுதுங்கள், ஆனால் அந்த ஒப்பந்தங்களில் இன்று நாம் பேசுகிற இறையாண்மை அச்சு அசலாக இல்லை, பின்னால் வந்தவர்கள் அதன்மேல் ஏற்றி வைத்தது நிறைய என்று வரலாற்றாசிரியர்கள் பலர் வாதிடுகிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

எந்தத் தளத்தில் நின்று பார்க்கிறீர்கள்?

கோட்பாடுகளுக்குப் போகும் முன்னால் இதைப் பழகிவிடுங்கள். 1959-ல் கென்னத் வால்ட்ஸ் போருக்கான காரணங்களை மூன்று தளமாகப் பிரித்தார்: தனிமனிதர், நாட்டின் உள்கட்டமைப்பு, நாடுகள் சேர்ந்த ஒட்டுமொத்த அமைப்பு. கியூபாவில் வைத்துப் பாருங்கள். 'குருஷேவ் சூதாட்ட மனம் கொண்டவர்' என்றால் அது முதல் தளம். 'சோவியத் ஆட்சிமுறையில் தலைவரைத் தடுத்துக் கேட்க ஆளில்லை' என்றால் இரண்டாவது. 'இரண்டே வல்லரசுகள் உள்ள உலகத்தில், நெடுந்தூர ஏவுகணையில் பின்தங்கியிருந்த ஒன்று சமன்செய்யப் பார்த்தது' என்றால் மூன்றாவது. மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு பத்தியில் முதல் தளத்தில் தொடங்கி மூன்றாவதில் முடித்தீர்கள் என்றால் விளக்கம் வழுக்கிவிடும். இணையத்தில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி, ஒருவர் ஒரு தளத்திலும் மற்றவர் வேறு தளத்திலும் நின்று கத்துவதுதான் என்பது என் அனுபவம்.

யதார்த்தவாதம்: பயத்திலிருந்து தொடங்குங்கள்

யதார்த்தவாதம் என்றதும் 'நாடுகள் சுயநலமானவை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் உயிர் இல்லை. மேலே கேட்பாரில்லை, பக்கத்து நாட்டின் மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாது, இன்று நல்லவராக இருப்பவர் நாளை எப்படியோ தெரியாது. அதனால் தன்வலி, மாற்றான் வலி, துணைவலி என்று எடைபோட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது. இதுதான் மையம். ஹான்ஸ் மார்கெந்தோ இதன் வேரை மனிதனின் அதிகார ஆசையில் பார்த்தார். 1979-ல் வால்ட்ஸ், மனிதர்கள் எப்படி இருந்தாலும் சரி, அமைப்பே நாடுகளை அப்படி நடக்கவைக்கிறது என்றார். நாடுகள் தேடுவது போதுமான பாதுகாப்பைத்தான், அளவுக்கு மீறி வலுச் சேர்த்தால் மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து மடக்குவார்கள் என்பது அவர் வாதம். 2001-ல் ஜான் மியர்ஷைமர், போதுமானது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, ஆகவே பெரிய நாடுகள் முடிந்தவரை பிடித்துக்கொண்டேதான் போகும் என்றார். 'தற்காப்பு', 'தாக்குதல்' என்று இந்த இரண்டு கிளைகளுக்கும் அடைமொழி கொடுத்திருப்பதன் காரணம் இதுதான்.

யதார்த்தவாதத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் ஊன்றிப் படிக்க நேரமிருக்கிறது என்றால் பாதுகாப்பு இக்கட்டைப் படியுங்கள்: ஒரு நாடு தற்காப்புக்கென்று செய்வது அடுத்த நாட்டுக்கு அச்சுறுத்தலாகத் தெரிவது. 1950-களின் தொடக்கத்தில் ஜான் ஹெர்ஸ் பெயர் வைத்தார், 1978-ல் ராபர்ட் ஜெர்விஸ் அதை விரித்து எழுதினார். துருக்கியில் ஜூபிடர் ஏவுகணைகளை வைத்தபோது அமெரிக்கா தன் கூட்டாளிகளுக்குத் தைரியம் கொடுப்பதாகத்தான் நினைத்தது. சோவியத் பக்கம் இருந்து பார்த்தால் அது எல்லைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும் கத்தி. 1961 ஏப்ரலில் அமெரிக்கா ஏற்பாட்டில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் நடந்த படையெடுப்பு தோற்றது. அடுத்த முயற்சியிலிருந்து கியூபாவைக் காப்பாற்றத்தான் ஏவுகணை அனுப்பினோம் என்றார் குருஷேவ். வாஷிங்டனுக்கு அதே ஏவுகணை வாசலில் வந்து நிற்கும் எமன். இரண்டு பேரும் தங்கள் பக்கத்தைத் தற்காப்பு என்றே நம்பினார்கள், இரண்டு பேருக்கும் எதிராளி செய்வது தாக்குதலாகவே தெரிந்தது. யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் நிலைமை முற்றிப்போகும் என்பதுதான் இதில் பயங்கரம். ஜெர்விஸ் கேட்கச் சொல்லும் கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆயுதத்தைப் பார்த்தால் தற்காப்புக்கா தாக்குதலுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் இக்கட்டு இரட்டிப்பாகும்.

அதிகாரச் சமநிலை பற்றி ஒரு திருத்தம் மட்டும். நாடுகள் எப்போதும் வலுத்தவனுக்கு எதிராகவே கூட்டுச் சேரும் என்றால் கனடா எப்போதோ அமெரிக்காவுக்கு எதிராக அணி திரட்டியிருக்க வேண்டும். 1987-ல் ஸ்டீஃபன் வால்ட் இதைச் சரிசெய்தார்: வலு மட்டும் பயமுறுத்துவதில்லை, அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, தாக்கும் திறன் என்ன, எண்ணம் என்னவாகத் தெரிகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அச்சுறுத்தல் ஆகிறது.

தாராளவாதம் நல்ல மனசு பற்றியது இல்லை

பெயரே ஏமாற்றிவிடுகிறது, தாராளம் என்றால் கை நீட்டிக் கொடுப்பது என்று தோன்றும். 1984-ல் ராபர்ட் கியோஹேன் செய்தது என்னவென்றால், யதார்த்தவாதிகள் சொல்கிற அதே சுயநல நாடுகளை, அதே கேட்பாரில்லாத நிலையை ஏற்றுக்கொண்டு, அப்படியும் ஏன் ஒத்துழைக்கிறார்கள் என்று கேட்டதுதான். அவர் பதில்: ஒத்துழைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் தகவல் இல்லாமைதான். எதிராளி ஏமாற்றுகிறானா என்று தெரியாது. சர்வதேச அமைப்புகளும் ஒப்பந்தங்களும் அதைத் தெரியவைக்கின்றன, அடிக்கடி சந்திக்கவைக்கின்றன, இன்று ஏமாற்றினால் நாளை வலிக்கும்படி செய்கின்றன.

கியூபாவுக்கு வாருங்கள். கடல் மறிப்புக்கு முன்னால் அமெரிக்கா, வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் சேர்ந்த 'அமெரிக்க நாடுகளின் அமைப்பிடம்' போய் 23-ம் தேதி ஒப்புதல் வாங்கியது. தனக்கு இருந்த கடற்படைக்கு அந்தக் காகிதம் எதற்கு என்று கேளுங்கள், தாராளவாதத்தின் பாதி அங்கேயே இருக்கிறது. 25-ம் தேதி பாதுகாப்புச் சபையில் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் யூ-2 படங்களை எல்லார் முன்னாலும் வைத்தார். நெருக்கடி முடிந்த மறுவருடம், 1963-ல், வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தகவல் இணைப்பு வந்தது, அதே ஆண்டு அணுச் சோதனையை ஓரளவு தடைசெய்யும் ஒப்பந்தமும் வந்தது. இரண்டு பேரும் நண்பர்களாகிவிடவில்லை. கடிதம் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆனதால் உலகமே அழிந்திருக்கும் என்று தெரிந்ததும் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி வரும். ஒன்று, 'ஜனநாயக நாடுகள் போர் செய்யாது' என்று எழுதுவது. தத்துவஞானி கான்ட் 1795-ல் போட்ட விதையிலிருந்து 1983-ல் மைக்கேல் டாயில் வளர்த்த வாதம் அதைவிடக் குறுகலானது: தங்களுக்குள் போர் செய்வது மிக அரிது என்பதுதான், மற்றவர்களோடு தாராளமாகச் செய்திருக்கிறார்கள். இன்னொன்று, முதல் உலகப் போர் தொடங்கிய 1914-க்கு நாலு வருடம் முன்னால் நார்மன் ஏஞ்சல் இனிப் போரே வராது என்று சொன்னார் என்று கேலி செய்வது. பொருளாதாரம் இவ்வளவு பின்னிக்கிடக்கும்போது வென்றவனுக்கும் போர் கட்டுப்படியாகாது என்பதுதான் அவர் சொன்னது, கட்டுப்படியாகாத காரியத்தை மனிதர்கள் செய்வதில்லை என்று யார் சொன்னது?

கன்ஸ்ட்ரக்டிவிசம்

இதைத் தமிழில் ஒருவர் ஆக்கவாதம் என்பார், இன்னொருவர் கட்டமைப்புவாதம் என்பார், அது வேறொரு கோட்பாட்டோடு குழம்பும், அதனால் கன்ஸ்ட்ரக்டிவிசம் என்றே எழுதிவிடுகிறேன். அலெக்ஸாண்டர் வென்ட் 1995-ல் கொடுத்த உதாரணம் போதும்: பிரிட்டனின் 500 அணு ஆயுதங்களைவிட வடகொரியாவின் 5 அமெரிக்காவை அதிகம் பயமுறுத்தும். எண்ணிக்கையை வைத்து இதை விளக்க முடியாது. யார் நண்பர், யார் பகைவர் என்பது ஆயுதக் கிடங்கில் எழுதியிருப்பதில்லை, பழகிப் பழகி உருவாவது. கேட்பாரில்லாத நிலை எப்படிப்பட்டது என்பதையே நாடுகள்தான் உருவாக்குகின்றன என்று அவர் 1992-ல் எழுதியதன் பொருள் இதுதான்.

ஆனால் கியூபா கதையில் இதைக் காட்ட எனக்குப் பிடித்த இடங்கள் வேறு. கென்னடி 22-ம் தேதி பயன்படுத்திய சொல் 'தனிமைப்படுத்தல்', நோய் வந்தவர்களை ஒதுக்கி வைப்பதற்குச் சொல்வது. 'முற்றுகை' என்று சொல்லியிருந்தால் சர்வதேசச் சட்டப்படி அது போர்ச் செயல். கடலில் நிற்கப்போவது அதே போர்க்கப்பல்கள்தான். சொல்லை மட்டும் மாற்றியது எதிராளிக்குப் பின்வாங்க இடம் கொடுத்தது. அடுத்தது, முன்னறிவிப்பு இல்லாமல் விமானத் தாக்குதல் நடத்தலாம் என்று பேச்சு வந்தபோது, அதிபரின் தம்பியும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடி, 1941-ல் ஜப்பான் திடீரெனத் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை நினைவுபடுத்தினார். ஜப்பான் நமக்குச் செய்ததை ஒரு சின்னத் தீவுக்கு நாம் செய்வதா என்பது கேள்வி. இது கணக்கு இல்லை, 'நாம் எப்படிப்பட்ட நாடு' என்கிற சுயபிம்பம், அது மேசையில் இருந்த ஒரு வழியைப் பலவீனப்படுத்தியது. யதார்த்தவாதி இதை 'மேல்பூச்சு' என்பார். ஒலிப்பதிவுகள் கைவசம் இருக்கின்றன, நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

நாடு என்பது ஒரு ஆள் இல்லை

'ரஷ்யா நினைக்கிறது', 'சீனா விரும்புகிறது' என்று எழுதுவது எல்லாருக்கும் பழக்கம், எனக்கும்தான். சுருக்கெழுத்து என்ற அளவில் சரி. 1971-ல் கிரகாம் அலிசன் இதே கியூபா நெருக்கடியை வைத்து அந்தப் பழக்கத்தை உடைத்தார். அவர் காட்டியதில் என்னைப் பிடித்து நிறுத்தியது இது: அவ்வளவு ரகசியமாகக் கடல் கடந்து கொண்டுவந்த ஏவுகணைகளை, தளத்தில் இறக்கியதும் ஒழுங்காக மறைக்கவே இல்லை, சோவியத் மண்ணில் தளம் கட்டும் அதே வழக்கமான வடிவத்தில் கட்டினார்கள். ஒரே மூளை திட்டமிட்டிருந்தால் இது பைத்தியக்காரத்தனம். கொண்டுவந்தது ஒரு துறை, கட்டியது இன்னொரு துறை, கட்டுகிறவர்கள் தங்கள் கையேட்டில் இருந்தபடி கட்டினார்கள் என்று பார்த்தால் எல்லாம் பொருந்திவிடுகிறது. அந்த வடிவத்தை வைத்துத்தான் வாஷிங்டனில் படத்தைப் பார்த்தவர்கள் அடையாளம் கண்டார்கள்.

27-ம் தேதி சனிக்கிழமை இன்னும் மோசம். கியூபாவின் மேல் ஒரு யூ-2 சுட்டு வீழ்த்தப்பட்டது, அதற்கு மாஸ்கோ உத்தரவு கொடுக்கவில்லை. இன்னொரு யூ-2 வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது, அதற்கு வாஷிங்டன் உத்தரவு கொடுக்கவில்லை. கடலுக்கடியில் சோவியத்தின் பி-59 நீர்மூழ்கியில் ஓர் அணு டார்ப்பிடோ இருந்தது என்று தெரியாமலே அமெரிக்கக் கப்பல்கள் அதை மேலே வரவைக்கப் பயிற்சிக் குண்டுகளைப் போட்டன. ஏவ வேண்டாம் என்று உள்ளே வாதாடியவர் அதில் இருந்த கடற்படை அதிகாரி வசிலி ஆர்க்கிபோவ் என்று கப்பலில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அணு அச்சுறுத்தல் போரைத் தடுக்கும் என்கிற தடுப்புக் கோட்பாட்டைப் படிக்கும்போது இந்தச் சனிக்கிழமையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அறையில் யார் இல்லை?

மார்க்சிய, பின்காலனிய, பெண்ணியக் கோட்பாடுகளைப் பாடத்திட்டங்கள் கடைசி வாரத்தில் மொத்தமாகத் தள்ளிவிடுகின்றன, நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். இவற்றுக்குப் பொதுவான கேள்வி தலைப்பில் இருப்பதுதான். நெருக்கடிக்குப் பெயர் கியூபா, ஆனால் அதைத் தீர்த்த பேரத்தில் கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை யாரும் கேட்கவில்லை. கியூபா சோவியத் பக்கம் போன கதையில் சர்க்கரை இருக்கிறது: அதன் சர்க்கரைக்கு முக்கிய வாடிக்கையாளரான அமெரிக்கா 1960 ஜூலையில் கொள்முதலை வெட்டியது, சோவியத் ஒன்றியம் வாங்க முன்வந்தது. ஒரே விளைபொருளை ஒரே சந்தைக்கு விற்கும்படி ஒரு நாடு எப்படி ஆனது என்று கேட்டால் ரவுல் பிரெபிஷ், இம்மானுவேல் வாலர்ஸ்டீன் வழியாக மையம் (பணக்காரத் தொழில் நாடுகள்), விளிம்பு (அவற்றுக்கு விளைபொருள் விற்கும் நாடுகள்) என்கிற கருத்துகளுக்கு வந்துவிடுவீர்கள். கென்னடியின் ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். 'கோழை என்று நினைத்துவிடுவார்களோ' என்கிற பயம் அந்த மேசையில் எவ்வளவு வேலை செய்தது என்று பெண்ணியக் கோட்பாடு கேட்கிறது, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது

ஏதாவது செய்தி வந்ததும் யதார்த்தவாதம், தாராளவாதம், கன்ஸ்ட்ரக்டிவிசம் மூன்றுக்கும் மூன்று பத்தி எழுதுங்கள். எழுதும்போது அந்தக் கோட்பாட்டின் ஆளாகவே மாறிவிடுங்கள், பாதியில் நியாயம் பேச வேண்டாம். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி: எந்தத் தகவல் கிடைத்தால் இந்த விளக்கம் தப்பு என்று ஒத்துக்கொள்வேன்? இந்த வரி எழுத வரவில்லை என்றால் கோட்பாடு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். யதார்த்தவாதத்துக்கு 1989-91 தொண்டைமுள். சோவியத் ஒன்றியம் என்ற வல்லரசு, போரே இல்லாமல், கிழக்கு ஐரோப்பாவை விட்டு விலகியது. கன்ஸ்ட்ரக்டிவிசத்தின் நோய் வேறு, எல்லாம் நடந்து முடிந்த பிறகு அழகாக விளக்கும், முன்கூட்டிக் கேட்டால் வாயைத் திறக்காது.

விளக்குவதையும் நியாயப்படுத்துவதையும் கலக்காதீர்கள். 'வலியவர் முடிந்ததைச் செய்வார், எளியவர் பட்டே தீர வேண்டும்' என்ற பொருளில் வரும் வரியைப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொன்ன அறிவுரை என்று மேற்கோள் காட்டுகிறார்கள். அது கி.மு. 416-ல் மீலோஸ் தீவைச் சரணடையச் சொல்லிப் போன ஏதென்ஸ் தூதர்கள் வாயில் அவர் வைத்த பேச்சு. ஏதென்ஸ் மீலோஸை அழித்தது, மறுவருடமே சிசிலி மீது படையெடுத்துப் போய்ச் சீரழிந்தது, கி.மு. 404-ல் போரிலும் தோற்றது.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். பின்லாந்துக்கு ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. பல பத்தாண்டுகளாக எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராமல் இருந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது, மே மாதமே பின்லாந்தும் சுவீடனும் நேட்டோவுக்கு விண்ணப்பித்தன, பின்லாந்து 2023 ஏப்ரல் 4 அன்றும் சுவீடன் 2024 மார்ச் 7 அன்றும் சேர்ந்தன. வால்ட் சொன்ன அச்சுறுத்தல் கணக்கை வைத்து ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம் போலிருக்கும். எழுதி முடித்ததும் இதற்குப் பதில் தேடுங்கள்: கிரிமியாவை ரஷ்யா 2014-லேயே எடுத்துக்கொண்டது, எல்லை அன்றும் அதே நீளம்தான், அப்போது ஏன் இரண்டு நாடும் விண்ணப்பிக்கவில்லை?